குன்றின் மேல் ஒரு சுத்தியல் சத்தம்

டிரினிடாட் தீவில் தோல் மேளங்களை ஆங்கில அரசு அடக்கிய 1884-ஆம் ஆண்டோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். மேளம் போன கைக்கு மூங்கில் வந்தது. வெட்டிய மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தியும் குச்சியால் தட்டியும் அத்தீவின் ஏழைகள் தங்கள் கார்னிவல் திருவிழாவைக் கொண்டாடினார்கள். 1930-களின் கடைசியில் மூங்கிலின் இடத்தைத் தகரம் பிடித்தது. பிஸ்கட் டின், பெயின்ட் டின், குப்பைத்தொட்டி மூடி என்று கையில் கிடைத்ததெல்லாம் தாளம் போட்டது.

தட்டித் தட்டிக் குழிந்த தகரம் இடத்துக்கு இடம் வேறு சுருதியில் ஒலித்தது. அதை முதலில் கவனித்தவர் யார் என்பதில் பேட்டைக்குப் பேட்டை இன்றும் வழக்கு உண்டு. யுத்தக் காலத்தில், 1942 முதல் கார்னிவலுக்குத் தடை. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் ஓய்ந்த சேதி வந்ததும், அதுவரை கொல்லைப்புறத்தில் வளர்ந்த இசை தெருவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எல்லி மானெட் போன்ற இளைஞர்கள் 55 காலன் எண்ணெய்ப் பீப்பாயைக் கையில் எடுத்தார்கள். எண்ணெய் வளம் உள்ள தீவில் காலிப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை.

பீப்பாய் வாத்தியமாவது லேசான வேலையல்ல. அடிப்பக்கத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணம்போல் குழிக்க வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் எல்லை கீறி, பக்கச் சுவரை அளவாக அறுத்து, நெருப்பில் வாட்டி, பிறகு சுரம் சுரமாகச் சுருதி சேர்க்க வேண்டும். இதுதான் 'பான்'. சுவர் குட்டையான பான் உச்சஸ்தாயியில் பாடும். முழு உயரப் பீப்பாய்கள் பலவற்றைச் சுற்றி நிறுத்தி ஒருவரே வாசித்தால் மந்திரஸ்தாயி முழங்கும்.

இந்த வாத்தியத்தால் தலைநிமிர்ந்த ஊர் ஒன்று உண்டு. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குக் கிழக்கே இருக்கும் லாவன்டில் குன்று அது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் குடியேறிய சரிவு. நெருக்கமான வீடுகள், செங்குத்தான படிகள். அங்கே 1940-களின் நடுவில் சில பையன்கள் கூடி ஒரு குழு தொடங்கினார்கள். ஹாலிவுட் படங்களில் கேட்ட பெயர்களைச் சூட்டிக்கொள்வது அந்நாளைய வழக்கம். முதலில் 'டெட் எண்ட் கிட்ஸ்' என்றார்கள். பின்பு 'டெஸ்பராடோஸ்' ஆனது. தீவினர் செல்லமாக 'டெஸ்பர்ஸ்' என்பார்கள்.

ஊர் அவர்களை இசைக்கலைஞர்களாக மதிக்கவில்லை. பான் வாசிப்பவன் என்றால் ரவுடி என்றே பெயர். அதற்குக் காரணமும் இருந்தது: 1950-களில் குழுவும் குழுவும் நடுத்தெருவில் மோதி, கத்தியும் புட்டியும் பறந்தன. மானமுள்ள குடும்பங்கள் பிள்ளைகளைப் பயிற்சி நடக்கும் பான் களத்தின் பக்கமே விடவில்லை.

1960-களின் தொடக்கத்தில் தலைமைக்கு வந்த ரூடால்ஃப் சார்ல்ஸ் இந்த நிலையை மாற்றினார். தானே பீப்பாய் குழித்துச் சுருதி சேர்ப்பவர் என்பதால் 'சுத்தியல்' என்பதே அவருக்குப் பட்டப்பெயர். புதுப்புதுப் பான்களைச் செய்து பார்த்தார், கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 1962-இல் நாடு விடுதலை பெற்றது. 1963-இல் 'பனோரமா' என்னும் பான் குழுக்களுக்கான தேசியப் போட்டி தொடங்கியது. பிரதமர் எரிக் வில்லியம்ஸின் ஊக்கத்தால் நிறுவனங்கள் குழுக்களுக்குப் புரவலர்களாயின. டெஸ்பராடோஸை ஒரு புகையிலை நிறுவனம் நெடுங்காலம் தாங்கியது. 1966-இல் குன்றுக்கு முதல் பனோரமா வெற்றி. 1976, 1977 என அடுத்தடுத்தும் பட்டம். கிளைவ் பிராட்லி கோத்துக் கொடுத்த இசை குழுவின் தனி முத்திரையானது. பிற்காலத்தில் நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் அந்தப் பான்கள் ஒலித்தன.

பெரிய குழுவில் ஏறக்குறைய நூறு பேர் நிற்பார்கள். பலருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. தெரிந்தவர் ஒரு வரியை வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்வார்கள். கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் களத்துக்கு வருவார்கள். அக்கம்பக்கத்தார் சுற்றி நின்று கேட்பார்கள்.

1985-இல் சார்ல்ஸ் மறைந்தார். மறு ஆண்டு பாடகர் டேவிட் ரடர் அவர் நினைவாகப் பாடிய 'தி ஹேமர்' தீவெங்கும் ஒலித்தது. குன்றுக்கு அதைவிடப் பெரிய சோதனை பின்னால் காத்திருந்தது. கும்பல் பகையும் துப்பாக்கிச் சூடும் முற்ற, வெளியிலிருந்து வரும் கலைஞர்கள் குன்றேற அஞ்சினார்கள். 2010-களில் டெஸ்பராடோஸ் தாய்வீட்டை விட்டு நகருக்குள் இறங்கியது. வேரறுந்த மரம் பட்டுவிடும் என்றார்கள். ஆனால் 2016-இலும் 2020-இலும் குழு மீண்டும் பனோரமாவில் வாகை சூடியது.

1992-இல் 'பான்'-ஐத் தேசிய வாத்தியமாக நாடு அறிவித்தது. 2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் நாளாக ஏற்றது. இந்தக் கௌரவங்களை வாத்தியத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும் சேர்த்துவிட முடியாது. ரவுடிகள் என்று ஏசப்பட்ட போதும் இரவெல்லாம் விழித்துப் பயிற்சி செய்த குன்றுவாசிகளுக்கும் அவற்றில் சமபங்கு உண்டு. ஒரு வாத்தியத்தை ஒருவர் கண்டுபிடித்துவிடலாம்; அதை வாழவைக்க ஓர் ஊரே வேண்டும்.

(தொடரும்)