257ஆவது மதிப்பு

ஜேபெக் படக்கோப்பு ஒன்றைச் சி மொழி நிரலால் பைட் பைட்டாகப் படிக்க முற்படும் மாணவர் சில வேளைகளில் திகைப்பதுண்டு. பல இலட்சம் பைட்டுகள் கொண்ட கோப்பில் ஒன்றைக்கூட எண்ணாமல் நிரல் முடிந்துவிடும். பிழைச் செய்தியும் தோன்றாது. இதன் வேர் யுனிக்ஸின் தொடக்கக் காலத்தில் உள்ளது.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸில், கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. அதன் நீளத்தை இயக்கமுறைமையே பைட் கணக்கில் அறிந்திருந்தது. ஆகவே முடிவைக் காட்டும் குறி கோப்பினுள் தேவைப்படவில்லை. அதே காலத்துச் சிபிஎம் முறைமையோ நீளத்தை 128 பைட் கொண்ட பகுதிகளாகவே கணக்கிட்டது. எனவே உரை முடியுமிடத்தில் 26 என்னும் மதிப்பை இட வேண்டியிருந்தது.

ஒரு பைட் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளை ஏற்கும். யுனிக்ஸ் கோப்பில் அவை அனைத்துமே தரவாக இருக்கலாம். அவ்வாறாயின் 'இனி எதுவும் இல்லை' என்பதைத் தெரிவிக்க 257ஆவது மதிப்பொன்று வேண்டும். இதனாலேயே 'கெட்சி' என்னும் செயற்கூறு 'கேர்' வகையை அன்றி 'இன்ட்' வகையைத் திருப்பித் தருகிறது; முடிவைக் குறிக்கும் 'இஓஎஃப்' பெரும்பாலும் -1 ஆகும். கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் வெளியிட்ட நூல் இதனை விளக்கியது.

எனினும் விடையைக் 'கேர்' மாறியில் இட்டவர் பலர். பிடிபி-11 கணினியில் 'கேர்' குறியுடைய எண். அங்கே 255 என்னும் பைட் -1 ஆகிவிடும். ஆனால் ஆஸ்கி எழுத்துகள் 127ஐத் தாண்டுவதில்லை. ஆங்கில உரையைக் கொண்டு சோதித்தவருக்கு அப்பிழை புலப்படவே இல்லை.

பிற மொழிகள் கணினிக்குள் வந்தபோது அது வெளிப்பட்டது. விண்டோஸின் 1251 குறியேற்றத்தில் 255 என்பது ருசிய மொழியின் 'யா'. 'நான்' என்று பொருள்படும் சொல்லும் அதுவே. அவ்வெழுத்து வந்த இடத்தில் இத்தகைய நிரல்கள் படிப்பதை நிறுத்திக்கொண்டன. இந்திய எழுத்துகளுக்கான 1991ஆம் ஆண்டின் இஸ்கி தரம் அவற்றை 160க்கு மேற்பட்ட இடங்களில் வைத்தது. குறியுடைய 'கேரில்' அவை யாவும் எதிர்ம எண்கள். அவற்றை அப்படியே அட்டவணைச் சுட்டெண்ணாகப் பயன்படுத்திய நிரல், அட்டவணைக்கு வெளியே உள்ள நினைவகத்தைப் படித்தது. பிழை ஒன்றே, அதன் சுமை மட்டும் ஆங்கிலம் அல்லாத மொழிகளின்மீது விழுந்தது.

1989ஆம் ஆண்டின் சி தரம், பைட்டைக் குறியற்றதாகப் படித்து 'இன்ட்' ஆக மாற்றித் தர வேண்டும் என வரையறுத்தது. 'கேர்' குறியுடையதா என்பதை மட்டும் அந்தந்தச் செயலாக்கத்திற்கே விட்டது. எனவே இன்டெல் கணினியில் பாதியில் நிற்கும் அதே நிரல், 'கேர்' குறியற்றதாக உள்ள ஆர்ம் லினக்ஸில் -1ஐ ஒருபோதும் காணாமல் முடிவின்றி ஓடும்.

1992இல் பிறந்த யூடிஎஃப்-8இல் 255 என்னும் பைட் இடம்பெறுவதே இல்லை. ஆகவே இன்று எம்மொழி உரையைப் படித்தாலும் பிழை மறைந்தே இருக்கும். ஜேபெக் கோப்பின் முதல் பைட்டோ 255. உரைக் கோப்பில் மட்டும் சோதித்த நிரலைச் சரியானது என்று கொள்வதற்கில்லை என்பதை அந்த முதல் பைட்டே காட்டிவிடுகிறது.