பல் மருத்துவத்திற்குப் பாடசாலை கண்ட பெருமகனார்

மருத்துவத்தின் வரலாற்றைப் பேசப் புகும்போது நாம் பெரும்பாலும் நூல்களின் வரலாற்றையே பேசி முடித்துவிடுகிறோம். எந்நூல் எப்போது இயற்றப்பட்டது, எம்மொழியில் பெயர்க்கப்பட்டது, எத்தனை நூற்றாண்டுகள் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பயிலப்பட்டது என்பன நம் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்நூலைக் கையில் ஏந்திக் கற்பித்தவர் யார், கற்ற கைகள் எங்கே சென்றன, அக்கல்வி பிறந்த மண்ணில் ஏன் தங்கவில்லை என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தபோது, நம் நாட்டிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கை நம் கவனத்தை ஈர்த்தது. அவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். இந்தியாவில் பல் மருத்துவத்திற்கென முதற்கல்லூரி கண்டவர்.

நாம் சிறுவராக இருந்த நாளில், வாரச் சந்தையின் ஓரத்தில் பாய் விரித்து ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் முன்னே பிடுங்கிய பற்கள் குவியலாகக் கிடக்கும். இரும்புக் குறடு ஒன்றும் வெள்ளைப் பொடி நிறைந்த புட்டியும் அருகிலிருக்கும். குவியல் பெரிதாக இருப்பதே அவருடைய திறமைக்குச் சான்றாகக் கருதப்பட்டது. பல் நோவுக்கு அவரிடம் செல்வது இழிவாகவோ, ஆபத்தாகவோ எவருக்கும் தோன்றியதில்லை. வேறு வழியும் அன்று இருந்ததில்லை.

இதே காட்சியைக் கண்டு மனம் வெதும்பிய ஒருவர் ஆயிரமாண்டுகளுக்கு முன்னர் அந்தலூஸில் வாழ்ந்தார். குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியே அவர். முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்திற்கு உரியது. அதில் வாய், பல், நாக்கு, தாடை ஆகியவற்றுக்கான அறுவை முறைகள் தனித்தனியே விளக்கப்படுகின்றன. பற்களில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளை வரைந்து காட்டுகிறார். நிலைதடுமாறி முளைத்த பல்லை அராவுதல், நாக்கின் கீழுள்ள தசைநாரை அறுத்துவிடுதல், முறிந்த தாடையைப் பொருத்துதல் ஆகியவற்றைக் கூறுகிறார். ஆடும் பற்களை உறுதியான பற்களோடு கம்பியிட்டுக் கட்டும் முறையை விவரிக்கையில், வெள்ளிக் கம்பி நாளடைவில் களிம்பேறும், தங்கம் அவ்வாறு மாறுவதில்லை என்று நுட்பமாகக் குறிக்கிறார்.

பல் பிடுங்குதலைப் பற்றி அவர் கூறும் எச்சரிக்கை இன்றும் பொருந்துவது. நோவு நோயாளியை ஏமாற்றும். கெட்ட பல் ஒன்றிருக்க, நல்ல பல்லே வலிப்பதாக அவர் எண்ணுவார். எனவே எப்பல் நோயுற்றது என்று தெளிந்த பின்னரே கருவியைத் தொட வேண்டும். அறியாத நாவிதர்கள் அவசரத்தில் நல்ல பல்லைப் பிடுங்குவதையும், வேரை உள்ளே விட்டுவிடுவதையும், தாடையெலும்பையே உடைத்துவிடுவதையும் அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். மாணவர்களைத் தம் பிள்ளைகளாக விளித்து எழுதிய அந்த ஆசிரியர், அறுவைக் கலையில் தேர்ந்தவர் தம் நாட்டில் அருகிவிட்டனர் என்று அப்பகுதியின் முன்னுரையிலேயே வருந்துகிறார்.

அவ்வருத்தம் பொய்க்கவில்லை. அவர் வாழ்ந்த ஸஹ்ரா நகரம் உள்நாட்டுப் போரில் 1010ஆம் ஆண்டளவில் சூறையாடப்பட்டது. நூல் மட்டும் தப்பியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலாவில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு அதன் அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். பதினான்காம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ தெ ஷோலியாக் தம் நூலில் மீண்டும் மீண்டும் ஸஹ்ராவியை மேற்கோள் காட்டினார். ஆயின் ஸஹ்ராவியின் மாணவர் பரம்பரை இன்னார் என்று நம்மால் சங்கிலித் தொடராகக் கூற இயலவில்லை. நூல் வாழ்ந்தது, பாடசாலை வாழவில்லை. நாம் பெருமை பேசும்போது இவ்வுண்மையை மறந்துவிடுகிறோம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ரஃபியுத்தீன் அஹ்மத் 1890 டிசம்பர் 24ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தொடக்கக் கல்வியை டாக்கா மதரஸாவில் பெற்றார். பின்னர் அலிகர் சென்று, ஸர் ஸையித் அஹ்மத் கான் நிறுவிய கல்லூரியில் பயின்று 1908இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தந்தையார் காலமானார். அதன்பின் அவர் அமெரிக்காவுக்குப் பயணமானார்.

அக்காலத்தில் மேனாடு சென்ற நம்மவர்கள் பெரும்பாலும் சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்பினர். சிலர் மருத்துவம் பயின்றனர். பல் மருத்துவத்தைத் தேர்ந்தவர் அரியர். சந்தையில் குறடு பிடிப்பவரின் தொழிலைக் கற்கவா கடல் கடந்து செல்வது என்னும் எண்ணம் படித்தவரிடையே நிலவிய காலம் அது. ரஃபியுத்தீன் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1915இல் பல் அறுவை மருத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில் ஏழைச் சிறுவர்க்கென நிறுவப்பட்டிருந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் 1918 வரை பணியாற்றினார். முதல் உலகப் போர் நடைபெற்ற ஆண்டுகள் அவை. செல்வந்தச் சகோதரர்களின் கொடையால் எழுந்த நிலையம் ஏழைப் பிள்ளைகளின் வாயையும் பல்லையும் எவ்வாறு காக்கிறது என்பதை அவர் அங்கே நேரில் கண்டார்.

1919இல் தாயகம் திரும்பியவர் கல்கத்தாவில் தங்கினார். அந்நகரில் தொழில் நடத்தி வளமாக வாழ அவருடைய பட்டமே போதுமானது. ஆனால் அடுத்த ஆண்டே, 1920இல், பல் மருத்துவக் கல்லூரி ஒன்றை அவர் தொடங்கினார். அரசு பொருள் தரவில்லை. பெருஞ்செல்வர் எவரும் முன்வரவில்லை. எனவே அவர் ஒரு வழி கண்டார். ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் பெயரில் குளிர்பானக் கடை ஒன்றைக் கல்கத்தாவில் நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டார். இனிப்புப் பானம் விற்ற பணம் பல்லைக் காக்கும் கல்விக்குச் சென்றது என்பதை எண்ணி நகைப்போர் நகைக்கலாம். தம் கல்விக்கூடத்திற்காகப் பிறரிடம் கையேந்தாமல் தம் உழைப்பை நம்பியவரின் மதிநுட்பமாகவே நாம் அதைக் காண்கிறோம்.

தொடக்கத்தில் சேர்ந்த மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. குறுகிய காலப் பயிற்சியாக இருந்த படிப்பு படிப்படியாக நீண்டு நான்காண்டுப் பாடமாயிற்று. அக்கல்லூரியின் தொடக்ககால மாணவர்களுள் பெண்ணொருவரும் இருந்தார். முஹம்மது அலீ ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னாவே அவர். 1923இல் பம்பாயில் தமக்கெனப் பல் மருத்துவ நிலையமொன்றை அவர் திறந்தார். முஸ்லிம் பெண்ணொருவர் தொழிற்கல்வி பெற்றுத் தனியே மருத்துவ நிலையம் நடத்தியது அன்று எளிய செய்தியன்று.

கல்லூரி கண்டதோடு ரஃபியுத்தீன் நின்றுவிடவில்லை. 1925இல் பல் மருத்துவத்திற்கென ஓர் இதழைத் தொடங்கித் தாமே ஆசிரியராயிருந்து நடத்தினார். வங்காளத்துப் பல் மருத்துவர்களை ஒரு சங்கமாக இணைத்தார். 1928இல் மாணவர்க்கெனப் பல் சிகிச்சை முறை பற்றிய கைநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். 1939இல் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் நிறைவேற அவருடைய முயற்சி பெருங்காரணமாயிற்று. பாடசாலை, இதழ், சங்கம், பாடநூல், சட்டம் என அவர் நிறைவேற்றிய பணிகளின் வரிசையைக் காண்போர், ஒரு கலை நிலைபெறுவதற்கு எவையெவை தேவை என்பதை அவர் முன்னரே திட்டமிட்டிருந்தார் என்றே கருதுவர்.

இவற்றுள் சட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஹதீஸ் கலை பயில்வோர் ‘அல்ஜர்ஹ் வத்தஃதீல்’ என்னும் துறையை அறிவர். அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் யாரிடம் கற்றார், நம்பத்தகுந்தவரா என்று ஆராய்ந்து பதிவு செய்யும் துறை அது. ஜர்ஹ் என்னும் சொல்லின் நேர்ப்பொருள் காயம் என்பது. அறுவை மருத்துவரைக் குறிக்கும் ஜர்ராஹ் என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. ஒருவரை ஆசிரியத் தொடர் கேட்டு ஏற்பது நம் கல்வி மரபின் உயிர்நிலை. பல்லில் குறடு வைப்பவரிடமும் அதே வினாவை எழுப்ப வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். நாடு விடுதலை பெற்றபின் 1948இல் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் வந்தது. அச்சட்டம் பதிவேட்டை இரு பகுதிகளாகப் பிரித்தது. முறையான கல்வி பெற்றோர் ஒரு பகுதியிலும், பட்டமின்றியே குறைந்தது ஐந்தாண்டுகள் அத்தொழிலால் வாழ்ந்து வந்தோர் மற்றொரு பகுதியிலும் இடம்பெற வழி செய்தது. பழைய கைத்தொழிலாளரின் வயிற்றில் அடிக்காமல் புதிய கல்விக்கு இடமளித்த நடுநிலை அதில் தெரிகிறது.

இதற்கிடையே நாடு துண்டாடப்பட்டது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்களில் குருதி ஓடியது. அடுத்த ஆண்டு ரஃபியுத்தீன் பிறந்த மண் வேறொரு நாடாயிற்று. அவரோடு பழகிய பலர் எல்லை கடந்தனர். அவருடைய மாணவியான ஃபாத்திமா ஜின்னாவும் கராச்சிக்குச் சென்றார். ரஃபியுத்தீன் கல்கத்தாவிலேயே இருந்தார். இருந்ததோடன்றி, தாம் கண்ட கல்லூரியை 1949இல் அரசிடம் ஒப்படைத்தார். அஃது அவருடைய உடைமை. அதன் ஒவ்வொரு செங்கல்லிலும் அவருடைய உழைப்பு இருந்தது. விற்றிருக்கலாம், வாரிசுகளுக்கு வைத்திருக்கலாம். அவர் அதைப் பொதுவுடைமையாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி அவரைத் தன் சிறப்புறுப்பினராக ஏற்றது.

1950இல் டாக்டர் பிதான் சந்திர ராயின் அமைச்சரவையில் இடம்பெற்று, 1962 வரை வேளாண்மை, கூட்டுறவு முதலிய துறைகளில் பணியாற்றினார். முதலமைச்சரும் மருத்துவர், அமைச்சரும் மருத்துவர் என்பது அவ்வமைச்சரவையின் சிறப்பு. 1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1965 பிப்ரவரி 9ஆம் நாள் அன்னார் மறைந்தார். அக்கல்லூரி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளை நம் நாட்டுப் பல் மருத்துவர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடி வருகின்றனர். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது 1953இல்தான் என்பதை நினைத்தால், 1920இல் தனியொருவர் செய்த பணியின் அளவு புலனாகும்.

நாம் இவ்வரலாற்றை எழுதியதற்குக் காரணமொன்று உண்டு. நாம் நன்கறிந்த கல்விக்கூடம் ஒன்று, நிறுவியவர் உள்ளவரை செழித்திருந்தது. அவர் மறைந்த சில ஆண்டுகளில் உரிமை வழக்கில் சிக்கி மூடப்பட்டது. அதன் நூலகத்துக் கிதாபுகள் கறையானுக்கு இரையானதை நேரில் கண்டோம். ஊரும் பெயரும் இங்கு வேண்டா. நிறுவியவரின் தூய எண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தமக்குப் பின் அஃது எவ்வாறு வாழும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தம் பிள்ளைகளைப் போலவே அதுவும் தம்முடையது என்று கருதிவிட்டார்.

ஒருவர் மறைந்த பின்னும் நன்மை தந்துகொண்டிருப்பவற்றுள் பயன்தரும் கல்வியும் ஒன்று என்பதை நபிமொழி வாயிலாக நாம் அறிவோம். அந்நன்மை தொடர்வதற்குக் கற்பித்தவரின் கை மட்டும் போதாது. கற்பிக்கும் இடமும் அவருக்குப் பின் நிலைக்க வேண்டும். வக்ஃபு என்னும் ஏற்பாட்டின் உட்பொருளும் இதுவே. உடைமையைத் தன்னிடமிருந்து விடுவித்தால்தான் அது தன் நோக்கத்திற்கு உரியதாகும். டாக்கா மதரஸாவில் அலிஃப், பா கற்கத் தொடங்கிய சிறுவர் ஒருவர், சட்டப்படி வக்ஃபு என்று எழுதி வைக்காமலேயே அதன் பொருளைச் செயலால் நிறைவேற்றிக் காட்டினார்.

ஸஹ்ராவியின் பெயரை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவது தகும். அவர் வருந்தி எழுதிய முன்னுரைக்கு மறுமொழி கூறியவர்களையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கல்கத்தாவில் அக்கல்லூரியின் வாயிலில் இன்றும் ஏழைகள் பல் நோவோடு வரிசையில் காத்திருக்கின்றனர். உள்ளே இளைஞர்கள் எப்பல் நோயுற்றது என்று தெளிந்த பின்னரே கருவியைத் தொடுமாறு கற்பிக்கப்படுகின்றனர்.