மீனா, யூரோவா? ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஐஸ்லாந்து தயங்குவது ஏன்?

எரிமலை, பனிப்பாறை, வெந்நீர் ஊற்று... ஐஸ்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இவ்வளவுதான். மொத்த மக்கள்தொகையே சுமார் 4 லட்சம். சொந்த ராணுவம் கிடையாது. ஆனால் 27 நாடுகள் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இந்தக் குட்டி நாடு 15 வருடங்களுக்கும் மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

"இவ்வளவு பெரிய கூட்டமைப்பு. சேர்ந்தா லாபம்தானே, இதுல என்ன யோசனை?" என்று தோன்றலாம். யோசிக்க வைப்பது கடல். அந்தக் கடலில் இருக்கும் மீன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2024 நவம்பரில் ஐஸ்லாந்தில் பொதுத்தேர்தல் நடந்தது. டிசம்பரில் கிறிஸ்ட்ரூன் ஃப்ரோஸ்டாடோட்டிர் தலைமையில் 3 கட்சிகளின் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கலாமா என்று 2027-க்குள் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துவோம் என்பது அந்தக் கூட்டணியின் வாக்குறுதி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வாக்கெடுப்பில் 'ஆம்' ஜெயித்தாலும் ஐஸ்லாந்து உடனே உறுப்பினர் ஆகிவிடாது. பேசுவதற்கு மட்டும்தான் அனுமதி. பேசி முடித்த பிறகு, சேருவதா இல்லையா என்று மக்களிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

பாதி உள்ளே, பாதி வெளியே

உண்மையில் ஐஸ்லாந்து ஏற்கெனவே பாதி உள்ளேதான் இருக்கிறது. 1994 முதல் 'ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி' என்ற ஒப்பந்தத்தில் நார்வே, லிக்டென்ஸ்டைன் நாடுகளோடு சேர்ந்து இடம்பெற்றிருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் ஐரோப்பிய நாடுகளில் தடையில்லாமல் வேலை பார்க்கலாம், தொழில் செய்யலாம். 2001 முதல் ஷெங்கன் பகுதியிலும் இருப்பதால் எல்லையில் பாஸ்போர்ட் சோதனையும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் சந்தைக்காகப் போடும் சட்டங்களில் பெரும்பாலானவற்றை ஐஸ்லாந்தும் பின்பற்ற வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் ஓட்டுக்கு வரும்போது கை தூக்க ஐஸ்லாந்துக்கு உரிமை கிடையாது. "சட்டம் மட்டும் நமக்கு, ஓட்டு அவங்களுக்கா?" என்பதுதான் சேர வேண்டும் என்பவர்களின் முதல் வாதம்.

அதேநேரம், இந்த ஒப்பந்தத்தில் இருந்து இரண்டு விஷயங்கள் விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் கொள்கை. இன்னொன்று, மீன்பிடிக் கொள்கை. இப்போதைய ஏற்பாடே போதும் என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்த விலக்குதான்.

2008-ல் என்ன நடந்தது?

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் 3 பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து கவிழ்ந்தன. நாட்டின் நாணயமான குரோனா கடுமையாகச் சரிந்தது. பணம் வெளிநாட்டுக்குப் போகாமல் தடுக்க விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின் பெரும்பகுதி 2017-ல்தான் நீக்கப்பட்டது.

"யூரோ இருந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காதே" என்ற எண்ணம் அப்போது வலுத்தது. 2009 ஜூலையில் ஐஸ்லாந்து விண்ணப்பம் போட்டது. 2010-ல் பேச்சுவார்த்தை தொடங்கியது.

ஆனால் அதே நெருக்கடி எதிர்ப்பையும் வளர்த்தது. திவாலான வங்கி ஒன்றில் ஆன்லைனில் பணம் போட்ட பிரிட்டன், நெதர்லாந்து மக்களுக்கான இழப்பீட்டை ஐஸ்லாந்து அரசு ஏற்க வேண்டும் என்று அந்த இரு நாடுகளும் வற்புறுத்தின. வங்கியின் சொத்தை முடக்க, பயங்கரவாதத் தடுப்புக்காகக் கொண்டுவந்த சட்டத்தையே பிரிட்டன் பயன்படுத்தியது. ஐஸ்லாந்து மக்கள் கொதித்துப்போனார்கள். பணம் கொடுக்கும் திட்டத்தை 2010, 2011 என இரண்டு வாக்கெடுப்புகளில் நிராகரித்தார்கள். 2013-ல் நீதிமன்றத் தீர்ப்பும் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகவே வந்தது.

2013-ல் ஆட்சி மாறியது, பேச்சுவார்த்தை நின்றது. 2015 மார்ச்சில் "எங்களை இனி விண்ணப்பதாரராகக் கருத வேண்டாம்" என்று புதிய அரசு ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடிதம் அனுப்பியது. அதுவரை பேச வேண்டிய 33 அத்தியாயங்களில் 27 திறக்கப்பட்டு, 11 தற்காலிகமாக முடிக்கப்பட்டிருந்தன. மீன்பிடி அத்தியாயம் கடைசி வரை திறக்கப்படவே இல்லை.

மீனுக்காகப் போர்க்கப்பலோடு மோதிய நாடு

மீன் ஏன் இவ்வளவு முக்கியம்? ஐஸ்லாந்து டென்மார்க்கிடம் இருந்து முழுமையாகப் பிரிந்து குடியரசானது 1944-ல்தான். அதன் பிறகு அந்த நாடு நடத்திய பெரிய போராட்டமே கடலுக்காகத்தான்.

தன் மீன்பிடி எல்லையை 1958-ல் 12 கடல் மைல், 1972-ல் 50 கடல் மைல், 1975-ல் 200 கடல் மைல் என ஐஸ்லாந்து விரித்துக்கொண்டே போனது. 200 கடல் மைல் என்றால் சுமார் 370 கிலோமீட்டர். அங்கே மீன் பிடித்துவந்த பிரிட்டன் ஒவ்வொரு முறையும் தன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் படகுகள் பிரிட்டிஷ் இழுவைப் படகுகளின் வலைகளை அறுத்துவிட்டன. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின. 'காட் போர்கள்' எனப்படும் இந்த மோதல் 1976-ல் ஐஸ்லாந்தின் வெற்றியோடு முடிந்தது. காட் என்பது அந்தக் கடலில் கிடைக்கும் ஒரு மீன்.

இப்போது தன் கடலில் எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்பதை ஐஸ்லாந்தே முடிவு செய்கிறது. மீன்பிடி நிறுவனங்களில் வெளிநாட்டவர் முதலீட்டுக்கும் சட்டப்படி கட்டுப்பாடு இருக்கிறது. உறுப்பினர் ஆகிவிட்டால், ஒன்றியத்தின் பொது மீன்பிடிக் கொள்கைப்படி உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி அளவை முடிவு செய்வார்கள்.

இதற்கு ஆதரவாளர்களின் பதில் என்ன? அந்தக் கொள்கையில் முன்பு யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை வைத்தே பங்கு பிரிக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாக ஐஸ்லாந்து கடலில் மற்றவர்கள் பெரிதாகப் பிடிக்காததால், அவர்கள் பங்கு கேட்க இடமிருக்காது என்கிறார்கள். "இன்னைக்கு இருக்கிற விதி நாளைக்கு மாறாதுன்னு யார் உத்தரவாதம்?" என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி.

பக்கத்தில் இருக்கும் கிரீன்லாந்தையும் அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். டென்மார்க்கோடு சேர்ந்து 1973-ல் உள்ளே போன கிரீன்லாந்து, மீன்பிடி உரிமையை முக்கியக் காரணமாக வைத்து வாக்கெடுப்பு நடத்தி 1985-ல் வெளியேறியது. நார்வே மக்களும் 1972, 1994 என இரண்டு முறை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கடன் பிரச்சினை

மறுபக்கம், சாமானிய மக்களுக்கு வலிப்பது குரோனா. 2023 ஆகஸ்ட்டில் ஐஸ்லாந்து மத்திய வங்கியின் வட்டி விகிதம் 9.25 சதவீதத்தைத் தொட்டது. யூரோ நாடுகளின் வட்டியோடு ஒப்பிட்டால் இது ரொம்ப அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பல வீட்டுக்கடன்கள் விலைவாசியோடு இணைக்கப்பட்டவை. விலைவாசி ஏறினால் கடனின் அசலும் ஏறும். மாதாமாதம் தவணை கட்டியும் பாக்கித் தொகை கூடிக்கொண்டே போகும் நிலை வரலாம். யூரோ வந்தால் இதற்கு ஒரு முடிவு வரும் என்பது பலரின் எதிர்பார்ப்பு.

ஆனால் ஒன்றியத்தில் சேர்ந்த மறுநாளே யூரோ கைக்கு வராது. பணவீக்கம், அரசுக் கடன் எனப் பல நிபந்தனைகளைப் பூர்த்தி செய்ய வேண்டும். 2013-ல் சேர்ந்த குரோஷியாவுக்கு யூரோ கிடைத்தது 2023-ல்தான்.

பாதுகாப்பும் ஒரு காரணமா?

ஆமாம். ஐஸ்லாந்து 1949 முதல் நேட்டோ உறுப்பினர். 1951 ஒப்பந்தப்படி அதன் பாதுகாப்புக்கு அமெரிக்கா பொறுப்பு. ஆனால் உக்ரைன் போரும், கிரீன்லாந்து வேண்டும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசியதும் நிலைமையை மாற்றிவிட்டன. பெரிய நாடுகள் முட்டிக்கொள்ளும்போது தனியாக நிற்கலாமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

2025 நவம்பரில் இரும்புக் கலப்பு உலோகங்களின் இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு விதித்தபோது, ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் விலக்கு கிடைக்கவில்லை. 'பாதி உள்ளே' இருப்பது எல்லா நேரமும் கைகொடுக்காது என்பதற்கு ஆதரவாளர்கள் காட்டும் சாட்சி இது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன் அடங்கிய 'எஃப்டா' அமைப்போடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் எஃப்டாவை விட்டு வெளியேற வேண்டும். அதன் பிறகு இந்தியாவோடு வர்த்தகம் பேசும் பொறுப்பும் ஒன்றியத்தின் கைக்குப் போய்விடும்.

அடுத்து என்னென்ன படிகள்?

* பேச்சுவார்த்தைக்கு மக்கள் 'ஆம்' சொல்ல வேண்டும்.
* மீன்பிடி உட்பட எல்லா அத்தியாயங்களும் பேசி முடிக்கப்பட வேண்டும்.
* 27 உறுப்பு நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் கதை முடிந்தது.
* இறுதி ஒப்பந்தத்துக்கு ஐஸ்லாந்து மக்கள் மீண்டும் வாக்களிக்க வேண்டும்.
* அதிகாரத்தை ஒன்றியத்தோடு பகிர அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருக்கும். அங்கே திருத்தம் என்றால் நாடாளுமன்றம் நிறைவேற்றி, பிறகு தேர்தல் நடந்து, புதிய நாடாளுமன்றமும் அதை நிறைவேற்ற வேண்டும்.

உள்ளே போனால் கிடைக்கப்போவது 720 பேர் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் குறைந்தபட்ச அளவான 6 இடங்களும், அமைச்சர்கள் அவையில் ஒரு நாற்காலியும். மீன் அளவை முடிவு செய்யும் கூட்டத்தில் அந்த ஒரு நாற்காலி போதுமா என்பதைத்தான் ஐஸ்லாந்து மக்கள் இப்போது எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள்.