காயடித்த கிடாவுக்குப் பால் சுரந்தது

ஆட்டுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் மேய்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். காலை அகட்டி நின்று முக்கும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் வராது. சிறுநீர்ப்பை வெடித்துவிட்டால் சில நாளில் கதை முடிந்தது. பெண் ஆட்டுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். அதன் சிறுநீர்த்தாரை குட்டை, அகலம். கிடாவுக்கோ அது நீண்டு, எஸ் எழுத்துபோல வளைந்து, நுனியில் புழு மாதிரி ஒரு மெல்லிய குழலில் முடிகிறது. குட்டியிலேயே காயடித்துவிட்டால், ஆண் ஹார்மோன் இல்லாமல் அந்தத் தாரை முழு அகலத்துக்கு வளர்வதும் இல்லை. அதனால் காயடித்த கிடாதான் எப்போதும் முதலில் மாட்டும்.

வழக்கமான குற்றவாளி கல்தான். தானியத்தை அதிகம் போட்டால் பாஸ்பரஸ் மிகுந்து, மூத்திரத்தில் மணல்போலப் படிந்து அடைக்கும். ஆனால் 1940களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் மூத்திரம் அடைத்துச் செத்த கிடாக்களின் கதை வேறு. அவை பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலத்தில் வயிறு நிறைய மேய்ந்தவை. இன்னொரு விநோதமும் இருந்தது. சில கிடாக்களுக்குக் காம்பு வீங்கிப் பால் சுரந்தது.

அதே மந்தைகளில் பெண் ஆடுகளின் நிலையும் மோசம். கிடா சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை. பிடித்தவற்றுள் பல குட்டியை ஈன முடியாமல் செத்தன. கருப்பை வெளியே தள்ளியது. கிடாவே சேராத கிடேரிகளுக்கும் மடி இறங்கியது. பொலிகிடாக்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் திரிந்தன.

ஆஸ்திரேலியா ஆட்டின் முதுகில் சவாரி செய்கிறது என்று அந்நாட்டினரே பேசிக்கொண்ட காலம் அது. அந்த ஆட்டுக்குத் தீனி கொடுத்தது சப்க்ளோவர் என்ற பயறு வகைத் தீவனம். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. காய்களைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும். யாரும் கேட்டு வரவழைக்காமல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் அருகே அமோஸ் ஹோவர்ட் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் 1889இல் அதன் அருமையைக் கண்டுகொண்டார். பிறகு அதைப் பரப்புவதே அவருடைய வேலையாகிவிட்டது. மேற்கின் சத்தில்லாத மணலில் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவி இதை விதைத்தால் போதும். வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும், நிலம் தேறும், ஆடு பெருகும்.

இப்படிப்பட்ட செடியை யார் சந்தேகப்படுவார்கள்? கால்நடை நோயியலாளர் ஹரால்ட் பென்னட்ஸ், எரிக் அண்டர்வுட், ஷையர் என்ற மூவர் சந்தேகப்பட்டார்கள். 1946இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, சப்க்ளோவர் மேய்ச்சலோடு இந்த நோயைச் சேர்த்துக் கட்டியது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல ஏதோ ஒன்று ஆட்டுக்குள் வேலை செய்கிறது என்றது. கிடாக்களின் அடைப்புக்கும் விடை அதில்தான். சிறுநீர்த்தாரையை ஒட்டி இருக்கும் ஒரு சிறு சுரப்பி அந்த ஹார்மோன் வேலையால் வீங்கிப் புடைத்து, தாரையை நெருக்கியிருந்தது.

பொலிகிடா தப்பியது ஏன்? அதன் உடம்பில் ஆண் ஹார்மோன் இருந்தது, எதிர்த்து நின்றது. காயடித்த கிடாவின் உடம்பிலோ எந்தப் பக்கமும் பேச ஆளில்லை. கம்பளி நிறைய வேண்டும், சண்டை கூடாது என்று மனிதன் காலிசெய்து வைத்த உடம்பு அது. வெளியிலிருந்து வந்த ஹார்மோனை அது அப்படியே எழுதிக் காட்டியது.

1951இல் பிராட்பரியும் வைட்டும் க்ளோவரிலிருந்து ஜெனிஸ்டீன், ஃபார்மோனோனெட்டின் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். முதலில் பழி ஜெனிஸ்டீன் மேல் விழுந்தது, அதற்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்பதால். ஆனால் ஆட்டின் அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகின்றன. சாதுவாகத் தெரிந்த ஃபார்மோனோனெட்டினைத்தான் அவை ஈக்குவால் என்ற பொருளாக மாற்றுகின்றன. உண்மையான வில்லன் இந்த ஈக்குவால். 1932இல் சினைக் குதிரையின் மூத்திரத்தில் கண்டெடுக்கப்பட்ட பொருள் அது. பெயரும் குதிரையிலிருந்தே வந்தது. செடி பாதி விஷத்தைக் கொடுத்தது, மீதியை ஆட்டின் வயிறே சமைத்துக்கொண்டது. தாவரங்களிலும் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்கள் உண்டு, அவை உடம்பை மாற்றிவிடும் என்பதை உலகம் தீவிரமாக எடுத்துக்கொள்ள வைத்தது இந்த மந்தைகள்தான். இன்று சோயா நல்லதா கெட்டதா என்று நடக்கும் சண்டையின் வேர் ஒன்று இங்கேயும் கிடக்கிறது.

க்ளோவரை யாரும் கைவிடவில்லை, கைவிடவும் முடியாது. ட்வால்கனப், யார்லூப், டினினப் போன்ற ஃபார்மோனோனெட்டின் மிகுந்த ரகங்களுக்குப் பதிலாகக் குறைந்த ரகங்களைத் தேர்ந்து விதைத்தார்கள். பழைய விதை மண்ணுக்குள்ளேயே கிடந்து மறுபடி முளைக்கும் என்பதால் அது லேசில் தீரும் வேலையாக இல்லை. பல வருடம் அதை மேய்ந்த பெண் ஆடுகளுக்கு மலட்டுத்தன்மை நிரந்தரமாகவே தங்கிவிட்டது.

ஒரு மேய்ச்சல் நிலம் ஆபத்தானதா என்று அறிய ஆய்வாளர்கள் 1960களில் ஒரு வழி வைத்திருந்தார்கள். காயடித்த கிடாக்களை அங்கே மேயவிட்டு, கொஞ்ச நாள் கழித்துக் காம்பின் நீளத்தை அளப்பார்கள். நீண்டிருந்தால் அந்த நிலத்தில் பெண் ஆட்டை விடக் கூடாது. மூத்திரம் அடைத்துச் செத்துக்கொண்டிருந்த அதே கிடாவின் உடம்பு, அவர்கள் கையில் அளவுகோல் ஆகியிருந்தது.