அட்டையில் எழும்பிய கிராமம்

மாதிரி ரயில் என்றால் எஞ்சினும் பெட்டிகளும்தான் நம் கண்ணில் படும். தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் வீட்டையும் வேலியையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் வீடுகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு ரயில் பிரியர் உண்டு. அவர் பெயர் ராய் இங்க்லண்ட். குடும்பப் பெயர்தான் இங்க்லண்ட், வந்ததோ ஆஸ்திரேலியாவிலிருந்து.

1925-இல் இங்கிலாந்துக்கு வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்மேற்கே உள்ள வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கில் மனதைப் பறிகொடுத்தார். சுண்ணாம்புக் குன்றில் பழங்காலத்து மக்கள் வரைந்த குதிரை உருவத்தால் வந்த பெயர் அது. அங்கே வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் அவர் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தன. கூரை போய் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வந்தது. தடுக்க அவரிடம் அதிகாரம் இல்லை. அளந்து வைக்கலாம் என்று முடிவு செய்தார்.

1930-களில் ஜான் அஹெர்ன் என்பவர் ‘மேடர் பள்ளத்தாக்கு’ என்ற மாதிரி ரயிலை அமைத்தபோது, ஊரையும் வயலையும் துறைமுகத்தையும் சேர்த்தே செய்தார். ரயில் ஓட ஒரு நாடு வேண்டும் என்று காட்டியவர் அவர்.

இங்க்லண்டின் முறை எளிது, பொறுமைதான் கடினம். நிஜ வீட்டை அளக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். அட்டையை வெட்டிச் செங்கல் வரிகளைக் கீற வேண்டும். பிறகு ஒவ்வொரு செங்கலுக்கும் தனித்தனியாக வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும். 1954-இல் லாங் விட்டன்ஹாம் ஊரில் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் தொண்டர்கள் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். வீடுகள் நிஜம்; அவை கூடி நிற்கும் கிராமம் மட்டும் கற்பனை. அஹெர்னின் மேடர் பள்ளத்தாக்கும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் கணக்கு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். 20 அடிச் சுவர் 80 மில்லிமீட்டர். 6 அடி ஆள் 24 மில்லிமீட்டர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மீட்டர் படித்துவிட்டு, வெளியே கொத்தனாரிடம் அடிக்கணக்கு பேசிய என் போன்ற புதுச்சேரிக்காரனுக்கு இந்தக் கலப்பு அந்நியமில்லை. ஆங்கிலேயர் அடியும் பிரெஞ்சுக்காரர் மில்லிமீட்டரும் ஒரே வாக்கியத்தில்!

எங்கள் ஊரில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பெயர்பெற்ற கட்டடம் என்பதால் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினார்கள். தமிழர் தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமுமாக நின்ற வீடுகளுக்கு அந்த யோகம் இல்லை. லாரி வரும், ஒரு வாரத்தில் மனை காலியாகிவிடும்.

ஆபீசில் பழைய கோப்பைக் கழிப்பதற்கு முன் ஒரு பதிவாவது எழுதி வைப்போம். வீட்டுக்கும் அது பொருந்தும். தாத்தா வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்றால் இடியுங்கள். அதற்கு முன் பேரப்பிள்ளைகளிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, திண்ணையின் நீள அகலத்தையும் தூண்களின் உயரத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அட்டையும் கத்தரிக்கோலும் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.