பல் வைத்தியர் கல்விக்கடன் அடைப்புத் திட்டம்

பல் வைத்தியர் கல்விக்கடன் அடைப்புத் திட்டம் என்பது, வைத்திய வசதி குறைந்த பகுதியில் குறித்த காலம் பணியாற்றும் பல் வைத்தியரின் படிப்புக் கடனைப் பொதுப்பணத்தில் அடைக்கும் ஏற்பாடாகும்.

சேவையோடு பிணைந்த இத்தகைய ஏற்பாடுகளில் சில வகைகள்: படித்தபின் கடனை அடைத்தல், படிக்கும்போதே புலமைப்பரிசில் வழங்கல், பிணைமுறியின்பேரில் கட்டாயச் சேவை பெறல். முதல் வகைக்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவின் தேசிய சுகாதார சேவைப் படை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இது, 1987இல் கடன் அடைப்பையும் சேர்த்தது. முழுநேரப் பணிக்கான தொடக்க ஒப்பந்தம் 2 ஆண்டுகள்.

இலங்கையில் அடித்தளமே வேறு. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தத்தோடு வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம்வரை நீள்வதால், அரச பல்கலைக்கழகங்களில் பயிலும் உள்நாட்டுப் பல் வைத்திய மாணவர் கற்கைக் கட்டணம் செலுத்துவதில்லை. கொழும்பில் 1943இல் தொடங்கிய பட்டப்படிப்பு பின்னர் பேராதனைக்கு மாறியது. பட்டதாரிகளைத் தொலைதூர வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்வது கடன் சலுகையன்று. சுகாதார அமைச்சின் நியமனமும் இடமாற்றமுமே. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களை, பல் வைத்தியருக்குப் பதிலாக, மகரகமவில் பயிற்சிபெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் கவனிக்கின்றனர்.