திசைப்பெயர் பூண்ட மாகாணங்கள்

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து, 1833ஆம் ஆண்டில் இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. வட, கீழ், தென், மேல், மத்திய என்னும் பெயர்கள் திசையைச் சுட்டினவேயன்றி வரலாற்றைச் சுட்டவில்லை. இதனைத் தற்செயலெனக் கொள்ளல் பொருந்தாதென்பதே எமது கருத்தாகும். 1815இல் வீழ்ந்த கண்டி இராச்சியத்தின் பகுதிகளுள் நுவரகலாவிய வட மாகாணத்துடனும் சப்பிரகமுவ தென் மாகாணத்துடனும் இணைக்கப்பட்டன. 1817-18 கிளர்ச்சியைக் கண்ட ஆட்சியாளர், கண்டியரின் தனித்துவத்தைக் கரைக்கவே இவ்வாறு பிரித்தனர் எனலாம். நாற்பதாண்டுகள் நுவரகலாவிய, யாழ்ப்பாணத்திலிருந்த அரசாங்க அதிபரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் தோன்றியபோது அந்நிலை மாறிற்று. பெயரோ திசைப்பெயராகவே நின்றது. 1886இல் ஊவாவும் 1889இல் சப்பிரகமுவவும் தனி மாகாணங்களானபோதே பழைய பெயர்கள் மாகாணப் பெயர்களாக மீண்டன. எல்லையைப் போன்று பெயரும் ஆட்சிக் கருவியே என்பதை இதனால் நாம் அறிகின்றோம்.